வீட்டுக்கு வரும் செவிலியரும் முதியவரும்: பேச்சு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியது. அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் பிரஷர் பார்ப்பது, சர்க்கரை மாத்திரை தருவது, படுக்கையில் இருப்பவருக்குப் புண் கட்டுவது எல்லாம் வீட்டு வாசலுக்கே வரும் வேலைகளாகிவிட்டன. தனியார் வீட்டுப் பராமரிப்பும் கூடவே வளர்ந்திருக்கிறது. கருவிகளைக் கையாளப் பயிற்சி கிடைக்கிறது, எழுபது எண்பது வயதானவரிடம் எப்படிக் கேட்பது என்பதற்குத்தான் கிடைப்பதில்லை. செவிலியர்களும் குடும்பத்தாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே.

வீட்டுக்குள் போனதும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

உட்கார வேண்டும். நின்றபடி கேட்கும் செவிலியரிடம் பெரியவர்கள் நீளமாகப் பேச மாட்டார்கள், "அவங்களுக்கு அவசரம்" என்று தாங்களே சுருக்கிக்கொள்வார்கள். அவர் கட்டிலில் இருந்தால் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு, உங்கள் கண் அவர் கண் மட்டத்துக்கு வரும்படி மூன்றடி தள்ளி உட்காருங்கள். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் உங்கள் முகம் அவருக்கு இருட்டாகத் தெரியும். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழ வேண்டும்.

டிவியை நிறுத்தலாமா என்று கேட்டு நிறுத்துங்கள். கண்ணாடி, காது கருவி, பல்செட் மூன்றும் போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். பல்செட் இல்லாமல் அவர் பேசுவது உங்களுக்குப் புரியாது. உங்களுக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும் அவர் பேச்சை நிறுத்திவிடுவார். பெயரையும் வந்த காரியத்தையும் ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள், போன வாரம் வந்திருந்தாலும் சரி. பி.பி. கருவியை எடுப்பது இதற்கெல்லாம் பிறகுதான். கையில் பட்டை கட்டியபின் பேச்சுக் கொடுத்தால் அளவும் கூடிக் காட்டும்.

"எப்படி இருக்கீங்க?" என்றால் "இருக்கேன்மா" என்பதோடு முடிந்துவிடுகிறது. வேறு எப்படிக் கேட்பது?

நம் ஊரில் அந்தக் கேள்வி ஒரு வணக்கம் மாதிரி. அதற்கு நோயைப் பதிலாகச் சொல்லும் பழக்கம் யாருக்கும் இல்லை. "ஆமா", "இல்ல", "பரவாயில்ல" என்ற மூன்றில் அடங்கிவிடக்கூடிய எந்தக் கேள்வியும் வீட்டுப் பராமரிப்பில் உதவாது. "மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?", "சாப்பாடு இறங்குதா?", "தலைசுத்தல் இல்லையே?" எல்லாம் இந்த வகை. கடைசிக் கேள்வியிலேயே இல்லை என்ற பதிலையும் ஊட்டிவிட்டிருக்கிறோம்.

நேரத்தை வைத்துக் கேளுங்கள். "காலையில கண்ணு முழிச்சதுல இருந்து நான் வர்ற வரைக்கும் என்னென்ன பண்ணீங்க, ஒண்ணொண்ணா சொல்லுங்க." எழுந்ததும் கட்டிலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன் என்றால் படுத்தும் நின்றும் பி.பி. பார்க்க வேண்டும். வாசல்வரை போய் உட்கார்ந்து மூச்சு வாங்கினேன் என்றால் கணுக்காலை அழுத்தி வீக்கம் பாருங்கள், இரவில் எத்தனை தலையணை வைக்கிறார் என்று கேளுங்கள். ரெண்டு இட்லியில் ஒன்றை வைத்துவிட்டேன் என்றால் எடை, வாய்ப்புண், விழுங்கும் சிரமம் மூன்றையும் கவனிக்கலாம். "நேத்து ராத்திரி எத்தனை தடவை எழுந்தீங்க, எதுக்கு எழுந்தீங்க?" என்ற ஒரு கேள்வியில் சிறுநீர், தூக்கம், வலி, இருட்டில் விழும் ஆபத்து எல்லாம் வந்துவிடும்.

கேட்டுவிட்டுப் பத்து விநாடியாவது சும்மா இருங்கள். வயதானால் பதிலைத் திரட்ட நேரம் பிடிக்கும். நான்காவது விநாடியில் அடுத்த கேள்வியைப் போட்டால் இரண்டுக்குமே பதில் கிடைக்காது. இன்னொன்று: முக்கியமான விஷயத்தைப் பலர் நீங்கள் பையை மூடும்போதுதான் சொல்வார்கள். "போன வாரம் பாத்ரூம்ல லேசா சறுக்கிட்டேன்" என்பது அப்படித்தான் வரும். அதனால் கருவிகளை எடுத்துவைப்பதற்கு முன்பே, கையில் எதுவும் இல்லாமல், "இன்னும் ஏதோ சொல்லணும்னு இருக்கும், சொல்லுங்க" என்று இடம் கொடுங்கள்.

காது மந்தமானவரிடம் சத்தமாகப் பேசினால் போதாதா?

போதாது, பல நேரம் கெடுதலும்கூட. வயதில் வரும் காது மந்தத்தில் முதலில் போவது உச்ச ஒலிகள். உயிரெழுத்து கேட்கும், மெய்யெழுத்து தேய்ந்துவிடும். "கால்" என்றாலும் "பால்" என்றாலும் அவர் காதில் "ஆல்" மட்டும் விழும். கத்தினால் உயிரெழுத்துதான் இன்னும் பெரிதாகும், தெளிவு வராது. கத்தும் முகம் கோப முகமாகவும் தெரியும். குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, நிதானமாக, சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். ஒருமுறை புரியாததை அதே சொற்களில் திருப்பிச் சொல்லாமல் மாற்றிச் சொல்லுங்கள். "கால் வலிக்குதா?" புரியவில்லை என்றால் முழங்காலைத் தொட்டுக் காட்டி "இங்க நோவுதா?" என்று கேட்கலாம். எண்களை விரலிலும் காட்டுங்கள். முகக்கவசம் கட்டாயமில்லாத இடத்தில் கழற்றிவிட்டுப் பேசினால் உதட்டைப் பார்த்துப் பாதி புரிந்துகொள்வார்.

காது கருவி இல்லாத வீட்டில் உங்கள் ஸ்டெதாஸ்கோப் உதவும். காதில் வைக்கும் முனைகளை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து அவர் காதில் மாட்டி, மறுமுனையில் மெல்லிய குரலில் பேசுங்கள். அதில் கத்தக் கூடாது, தட்டவும் கூடாது.

கருவி இருந்தும் போடவில்லை என்றால் பெரும்பாலும் பேட்டரிதான் காரணம். 13 என்ற அளவுக்கு ஆரஞ்சு நிற ஒட்டு, 312-க்குப் பழுப்பு, 10-க்கு மஞ்சள், 675-க்கு நீலம். ஒட்டை உரித்ததும் உள்ளே போடாமல், காற்றுப் படும்படி ஒரு நிமிஷமாவது வெளியே வையுங்கள். உடனே போட்டு மூடினால் முழுச் சக்தி வராமல், "புது பேட்டரியும் வேலை செய்யல" என்று கருவி அலமாரிக்குப் போய்விடும். அழுக்கு அடைப்பும் இருக்கலாம். எண்ணெய் காய்ச்சி ஊற்ற வேண்டாம், காது மருத்துவரிடம் அனுப்புங்கள். ஓரிரு நாளில் திடீரென ஒரு காது கேட்காமல் போனால் அதை வயதுக் கோளாறாகத் தள்ளாமல் அன்றே அனுப்ப வேண்டும்.

"தாத்தா", "பாட்டி" என்று கூப்பிடலாமா?

அவரையே கேளுங்கள். ஐயா, அம்மா என்று தொடங்கினால் தவறாகாது. ஓய்வுபெற்ற ஆசிரியைக்கு "டீச்சர்" என்ற அழைப்பு பிடித்திருக்கலாம், சிலருக்குப் பாட்டி என்றால்தான் சொந்தமாகத் தெரியும். "வாடா செல்லம், ஆ காட்டு, சமத்து" என்று குழந்தையிடம் பேசுவதுபோல் பேசுவதுதான் கூடாதது. மறதி நோய் உள்ளவர்களிடம் இந்தத் தொனியில் பேசினால் குளிப்பாட்டவும் உடை மாற்றவும் ஒத்துழைக்காமல் முரண்டு பிடிப்பது கூடுகிறது என்று முதியோர் இல்லங்களில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சொல் மறந்தாலும் மரியாதை புரிகிறது. அவர் உங்களைப் "பாப்பா", "கண்ணு" என்பார். அதற்காக நீங்களும் ஒருமைக்கு இறங்க வேண்டாம்.

மாத்திரை சரியாகப் போடுகிறாரா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும் கட்டிலில் கொட்டச் சொல்லுங்கள். அரசு மருந்தகத்தில் வாங்கியது, மெடிக்கலில் வாங்கியது, மகள் ஊரிலிருந்து கொண்டுவந்தது, சூரணம், லேகியம், தைலம் எல்லாம். ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, "இது எதுக்கு, எப்ப, எத்தனை?" என்று கேளுங்கள். அதிகம் கண்ணில் படும் தவறு ஒரே மருந்து இரண்டு பெயரில் இருப்பது. இந்த மாதம் அட்டை மாறி, நிறம் மாறி வந்த அம்லோடிபைன் என்ற பி.பி. மாத்திரையைப் புதியது என்று நினைத்துப் பழையதோடு சேர்த்துப் போடுவார்கள். உடம்பு வலிக்கு ஒன்று, சளிக்கு ஒன்று என்று வாங்கிய இரண்டிலும் பாராசிட்டமால் இருக்கும்.

விட்டுப்போன நாளைக் குற்றம்போல் கேட்டால் உண்மை வராது. "யாருக்கும் ஒண்ணு ரெண்டு நாள் விட்டுப்போகத்தான் செய்யும். போன வாரம் உங்களுக்கு எத்தனை நாள் விட்டுச்சு?" என்று கேளுங்கள். காரணம் அவருக்கு இருக்கும், அது பெரும்பாலும் நியாயமான காரணமாகவும் இருக்கும். அம்லோடிபைனால் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். கிட்னி கெடுகிறது என்று பயந்து தானே நிறுத்திவிடுவார். பஸ்ஸில் போகும் நாளில் அடிக்கடி சிறுநீர் வரும் என்பதால் நீர் மாத்திரையை விட்டுவிடுவார். இதையெல்லாம் மருத்துவரிடம் சொன்னால் மாற்று வழி உண்டு. சொல்லாவிட்டால் "மருந்து கேட்கல" என்று அளவுதான் கூடும்.

விரத நாளைக் கட்டாயம் கேளுங்கள். கிருத்திகை, ஏகாதசி, வெள்ளிக்கிழமை, ரமலான் நோன்பு என்று எதுவானாலும், "அன்னைக்குச் சுகர் மாத்திரையை என்ன செய்வீங்க?" என்பதுதான் கேள்வி. "சாப்பாட்டுக்கு முன்" என்று எழுதிக்கொடுத்த கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை தாழ்ந்துவிடும். அடினோலால் என்ற பி.பி. மாத்திரையும் போடுபவருக்கு, சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம், வியர்வை மட்டும் வரும். சர்க்கரை 70-க்குக் கீழே இருந்து, நினைவோடு விழுங்க முடிந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிஷத்தில் மறுபடி பாருங்கள். ஏறியதும் ஏதாவது சாப்பிட வையுங்கள், மருத்துவரிடமும் சொல்லுங்கள். கிளிபென்கிளமைடின் வேலை நெடுநேரம் நீடிப்பதால் சர்க்கரை மறுபடி இறங்கக்கூடும். நினைவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

படிக்கத் தெரியாதவருக்கு அட்டையின் பின்னால் சூரியனும் நிலாவும் வரையலாம், பாதி மாத்திரைக்கு அரை வட்டம். அட்டையைத் துண்டு துண்டாக வெட்டிவைக்காதீர்கள். மருந்துப் பெயரும் காலாவதித் தேதியும் வெட்டுப்பட்டுப் போகும். படிப்பவருக்கு வெள்ளைத் தாளில் கறுப்பு மையில், விரல் நகம் உயரத்துக்கு எழுதுங்கள்.

சொன்னதைப் புரிந்துகொண்டாரா என்று எப்படிச் சோதிப்பது?

"புரிஞ்சுதா?" என்றால் மரியாதைக்காகவே ஆமாம் என்பார். சோதனை உங்களுக்குத்தான், அவருக்கில்லை என்ற மாதிரி கேளுங்கள்: "நான் சரியா சொன்னேனான்னு பார்க்கணும். சாயங்காலம் உங்க பொண்ணு கேட்டா என்ன சொல்வீங்க?" ஒரு வருகைக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று விஷயத்துக்கு மேல் சொல்லாதீர்கள்.

கைவேலை என்றால் வாயால் சொல்ல வைப்பதைவிடச் செய்து காட்டச் சொல்வது நல்லது. இன்சுலினில் இது உயிர் சம்பந்தப்பட்டது. நம் ஊரில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி ஊசி. மில்லிக்கு 100 யூனிட் உள்ளதற்கு ஆரஞ்சு மூடி ஊசி. மெடிக்கலில் மாற்றிக் கொடுத்து, 40 குப்பியிலிருந்து 100 ஊசியில் 20 என்ற கோடுவரை எடுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். மறுபக்கம் மாறினால் 20 யூனிட் 50 ஆகிவிடும். "இருபதுதான் போடுறேன்" என்று அவர் சொல்வது இரண்டு நிலையிலும் உண்மை. குப்பி, ஊசி இரண்டையும் கண்ணால் பார்க்காமல் அந்தப் பதிலை எழுதிக்கொள்ளாதீர்கள்.

எதைக் கேட்டாலும் மகனோ மருமகளோ பதில் சொல்கிறார்களே?

அவர்கள் பாரம் சுமப்பவர்கள், அவர்கள் சொல்வதும் தேவை. வரிசைதான் முக்கியம். கேள்வியைப் பெரியவரைப் பார்த்தே கேளுங்கள். மகன் சொன்னதும், "நல்லது சார், இப்ப அம்மா வாயால கேட்டுக்கறேன்" என்று அவர் பக்கம் திரும்புங்கள். புண் கட்டும்போதும் உடம்பு துடைக்கும்போதும் ஐந்து நிமிஷம் தனியாக இருக்கக் கேட்பது யாருக்கும் உறுத்தாது. குடும்பத்தாரிடமும் தனியாக ஐந்து நிமிஷம் பேசுங்கள். பெரியவர் படுத்திருக்கும்போது அவர் தலைக்கு மேல் அவரைப் பற்றிப் பேசுவது மட்டும் வேண்டாம்.

விளக்க முடியாத காயம், காலியான மருந்து டப்பா, மகன் உள்ளே வந்ததும் அறுந்துபோகும் பேச்சு எல்லாம் சேர்ந்து வந்தால், தனியாக இருக்கும்போது, "இந்த வீட்டுல யாரையாவது பார்த்துப் பயமா இருக்கா?" என்று கேளுங்கள். வீட்டாரிடம் நீங்களே விசாரணை நடத்தாதீர்கள், நீங்கள் கிளம்பியபின் அவர்தான் அங்கே இருக்க வேண்டும். பார்த்ததைத் தேதியோடு எழுதி மேலாளரிடம் சொல்லுங்கள். முதியோர் உதவி எண் 14567. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் அவர் தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கவும் வழி இருக்கிறது.

மறதி நோய் உள்ளவர் இறந்துபோன கணவரைத் தேடுகிறார். உண்மையைச் சொல்வதா?

ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அவருக்கு அது புதிய சாவுச் செய்தி. திருத்தாமல், பொய்யும் சொல்லாமல், "அவரை நினைச்சிட்டு இருக்கீங்களா? அவரைப் பத்திச் சொல்லுங்களேன்" என்று அவரோடு போகலாம். எதிரே வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகு தொடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு கட்டளை: "கையை நீட்டுங்க." நீட்டியபின் அடுத்தது. "என்ன புடவை கட்டிக்கறீங்க?" என்பதைவிட இரண்டைக் காட்டி எது என்று கேட்பது எளிது. மறுத்தால் பத்து நிமிஷம் விட்டுவிட்டு வாருங்கள்.

நேற்றுவரை நன்றாகப் பேசியவர் இன்று குழப்பமாகப் பேசுகிறார். வயதுதானே?

இல்லை. மறதி நோய் மாதக் கணக்கில், வருடக் கணக்கில் வரும். மணிக்கணக்கில் அல்லது ஓரிரு நாளில் வந்து, காலையில் தெளிவு மாலையில் குழப்பம் என்று ஏறி இறங்கினால் அது உடம்பில் வேறு ஏதோ நடப்பதன் அறிகுறி. கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்லுங்கள், கவனம் நிற்காது. கத்தி ஆர்ப்பாட்டம் செய்பவரைவிட, வழக்கத்துக்கு மாறாகத் தூங்கிக்கொண்டே இருப்பவர்தான் அதிகம் தவறவிடப்படுகிறார். "இன்னைக்குச் சமர்த்தா இருக்காங்க" என்று வீட்டார் சொல்லும் நாளில் இரண்டு முறை பாருங்கள்.

சர்க்கரை, காய்ச்சல், ஆக்சிஜன், பி.பி. நான்கையும் அளந்துவிட்டு, கடைசியாகச் சிறுநீரும் மலமும் போனது எப்போது, எவ்வளவு தண்ணீர் குடித்தார், இந்த வாரம் புதிதாக என்ன மாத்திரை, எங்காவது விழுந்தாரா என்று கேட்டு அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வாய் கோணல், ஒரு கை தொய்வு, பேச்சுக் குழறல் என்றால் எந்த விசாரணையும் வேண்டாம், உடனே 108. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி பக்கவாதம் தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள்தான். "கடைசியா நல்லா இருந்ததை எத்தனை மணிக்குப் பார்த்தீங்க?" என்று கேட்டு நேரத்தை எழுதிக் கையில் கொடுத்தனுப்புங்கள்.

பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சு வராதவரிடம்?

அறிவு போய்விடவில்லை, சொல்தான் அகப்படவில்லை. முதலில் அவர் ஆமாம், இல்லை என்பதை நம்பலாமா என்று பாருங்கள். விடை தெரிந்த இரண்டு கேள்வி கேளுங்கள்: "இது உங்க வீடா?", "நான் உங்க பொண்ணா?" இரண்டுக்கும் தலையாட்டினால் தலையாட்டலை நம்ப முடியாது. அப்போது பொருளைக் காட்டிக் கேளுங்கள். டம்ளர், போர்வை, கழிப்பறை, வலி என்று ஆறேழு படம் ஒட்டிய அட்டை போதும். அவர் சொல் தேடும்போது நீங்கள் முந்தி முடித்துவைக்காதீர்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணவும் பழைய பாட்டைப் பாடவும் சிலருக்கு வரும். வீட்டார் அதைப் பார்த்து, "வேணும்னே பேச மாட்டேங்கறாரு" என்று நினைத்துவிடுவதுண்டு. மனப்பாடமாக வருவது வேறு, நினைத்ததைச் சொல்வது வேறு என்று அவர்களுக்கு விளக்குங்கள்.

வலியைச் சொல்லத் தெரியவில்லை, அல்லது சொல்வதில்லை.

வலியைப் பூஜ்ஜியத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணாகச் சொல்வது பலருக்குப் பிடிபடாது. "ஒரு ரூபாய்க்கு எத்தனை பைசா வலி?" என்றால் சட்டென்று "எழுபத்தஞ்சு பைசா" என்பார். எண் வந்ததோடு விடாமல் அந்த வலியால் எந்த வேலை நின்றது என்று கேளுங்கள். பேச முடியாதவருக்கு மூச்சு, முனகல், முகம், உடம்பின் இறுக்கம், ஆறுதல் சொன்னால் அடங்குகிறாரா என்ற ஐந்துக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் போடுங்கள், மொத்தம் 10. திருப்பிப் படுக்கவைக்கும்போதும் போடுங்கள், மருந்து கொடுத்து ஒரு மணி நேரம் கழித்தும் போடுங்கள். இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசம்தான் மருத்துவருக்குத் தேவை.

"அப்பாவுக்குப் புற்றுநோய்னு சொல்லிடாதீங்க" என்கிறார்கள். அப்பா என்னிடமே கேட்டால்?

பொய் சொல்லாதீர்கள், போட்டு உடைக்கவும் வேண்டாம். "டாக்டர் உங்ககிட்ட என்ன சொன்னாங்க? நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டால் பெரும்பாலும் அவருக்குப் பாதி தெரிந்திருப்பது புரியும். அடுத்து, "முழு விவரமும் உங்களுக்கே தெரியணுமா, இல்ல பையன்கிட்ட சொன்னா போதுமா?" என்று கேட்டு, அவர் சொன்ன பதிலை அப்படியே மருத்துவரிடமும் மகனிடமும் கொண்டுபோங்கள். மகனிடம் சண்டைக்குப் போக வேண்டாம். "சொன்னா என்ன ஆகும்னு பயப்படறீங்க?" என்று கேளுங்கள். அந்தப் பயத்துக்குப் பதில் சொல்ல வழியிருக்கும்.

"சீக்கிரம் போய்ச் சேர்ந்தா தேவல" என்று சொன்னால்?

"அப்படியெல்லாம் பேசக் கூடாது" என்று அடக்கிவிடாதீர்கள், அதன்பின் அவர் யாரிடமும் சொல்ல மாட்டார். "ரொம்ப அலுத்துப்போச்சா? எப்பல இருந்து?" என்று கேளுங்கள். "உயிரை விட்டுடணும்னு நினைப்பு வருதா? எப்படின்னு யோசிச்சிருக்கீங்களா?" என்றும் நேராகக் கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் விதைக்கப்படாது. ஆமாம் என்றால் தனியே விட்டுவிட்டு வராதீர்கள். வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தும் சேர்ந்துபோன மாத்திரைகளும் அன்றே வீட்டிலிருந்து அகல வேண்டும். மருத்துவரிடம் சொல்லுங்கள், மனநல ஆலோசனைக்கு 14416 எந்நேரமும் உண்டு. பலர் சோகத்தைச் சோகமாகச் சொல்வதில்லை. "நெஞ்சு பாரமா இருக்கு", "வாய்க்கு எதுவும் பிடிக்கல" என்றுதான் வரும். இதயத்தையும் பாருங்கள், மனத்தையும் கேளுங்கள்.

மருத்துவருக்குப் போன் செய்தால் பாதியில் வைத்துவிடுகிறார்.

முதல் வாக்கியத்தில் பிரச்சினையையும் கடைசி வாக்கியத்தில் உங்கள் தேவையையும் வையுங்கள். "78 வயது அம்மா, நேற்று மாலையிலிருந்து குழப்பம். சர்க்கரை, பிரஷர் உண்டு, மூன்று நாள் முன் தூக்க மாத்திரை புதிதாகத் தொடங்கியிருக்கிறார்கள். சர்க்கரை 142, காய்ச்சல் 100.8, பி.பி. 104-க்கு 60, காலையிலிருந்து சிறுநீர் போகவில்லை, அடிவயிறு கல்லாக இருக்கிறது. குழாய் போட்டுவிட்டு அனுப்பட்டுமா, இப்படியே அனுப்பட்டுமா?" முப்பது விநாடிதான் ஆகும். அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்து, நேரத்தோடு எழுதுங்கள்.

எங்கே எழுதுவது?

வீட்டிலேயே இருக்கும் ஒரு தடிமனான நோட்டில். அட்டையின் உள்பக்கம் ஒவ்வாமை, மருந்துப் பட்டியல், அழைக்க வேண்டிய இரண்டு எண்கள். ஒவ்வொரு வருகைக்கும் தேதி, நேரம், அளவுகள், அடுத்து யார் என்ன செய்ய வேண்டும் என்பது. பெரியவர் சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். "தலைசுற்றல் உள்ளது" என்று எழுதினால் அடுத்து வருபவருக்கு ஒன்றும் கிடைக்காது. "குனிஞ்சு நிமிர்ந்தா கண்ணு இருட்டுது" என்று எழுதினால் அவர் நின்ற நிலையில் பி.பி. பார்ப்பார். துன்புறுத்தல் சந்தேகமும், பெரியவர் ரகசியமாகச் சொன்னதும் இந்த நோட்டில் வரக் கூடாது, அவை நிறுவனத்தின் பதிவேட்டுக்கு. இதில் எழுதியதை அவருக்கும் படித்துக் காட்டுங்கள். "அது இடது கால் இல்லமா, வலது" என்று திருத்துவார்.